பெரும் பூங்காவில் ஒரு சிறு உலா

நெடுந்தூரம் செல்வோரே வழித்திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும், சிறிது தூரம் உலாவி வருவோருக்குத் திட்டம் எதற்கு என்று எண்ணுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. பகற்பொழுது முழுவதும் கையிலுள்ளவர் வழி தவறினாலும் மீண்டு வந்து காணவேண்டியதைக் கண்டுகொள்ளலாம். ஒன்றரை மணி நேரமே உடையவருக்கு அந்த வசதி இல்லை. அவர் தவறவிட்ட ஒரு திருப்பம், அவர் காணாதுபோன ஒரு காட்சியாகவே முடிந்துவிடும். ஆகவே உலாவுக்குரிய நேரம் குறையக் குறைய, அதற்கு வேண்டிய முன்யோசனை கூடுகின்றது.

இதனைத் தெளிவாக உணர்த்தவல்ல இடம் ஒன்று அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் உண்டு. அதுவே சென்ட்ரல் பார்க் என வழங்கும் மத்திய பூங்கா. மன்ஹாட்டன் தீவின் நடுவே, தெற்கில் 59ஆம் வீதி தொடக்கம் வடக்கில் 110ஆம் வீதி வரையும், கிழக்கில் ஐந்தாம் அவெனியூ தொடக்கம் மேற்கில் எட்டாம் அவெனியூ வரையும் அது பரந்து கிடக்கின்றது. நீளம் இரண்டரை மைல். அகலம் அரை மைல். பரப்பு 843 ஏக்கர். நான்கு புறமும் வானளாவிய மாடங்கள் நிற்க, நடுவே காடும் ஏரியும் புல்வெளியும் பாறையுமாக அமைந்த அப்பூங்காவை ஒன்றரை மணி நேரத்தில் முழுவதும் கண்டு முடித்தல் எவர்க்கும் இயலாது.

முன்யோசனையின்றி வருபவருக்கு அங்கே நேர்வது பெரும்பாலும் இதுதான். கூட்டம் மிகுந்த தென்கோடியில் நுழைகின்றார். முன்னே செல்வோர் எங்கே போகின்றனரோ அங்கே தாமும் போகின்றார். பாதை மூன்றாகப் பிரியுமிடத்திற் சற்று நின்று, அகன்ற பாதையைத் தெரிந்தெடுக்கின்றார். இருபது நிமிடத்தில் ஒரு வாங்கில் அமர்கின்றார், கடிகாரத்தைப் பார்க்கின்றார், வந்த வழியே திரும்புகின்றார். அவர் கண்டவற்றுள் பெரும்பங்கு பிறருடைய முதுகுகளே. குறை பூங்காவினுடையதன்று.

அப்பூங்காவை அறிந்துகொள்வதற்கு அதனை ஆக்கியவர்களின் நோக்கத்தை அறிதல் வேண்டும். காண்பவருக்கு அது இயற்கையாய் அமைந்த நிலம்போலத் தோன்றும். எனினும் அங்குள்ள ஏரிகள் யாவும் மனிதர் அகழ்ந்தவை. முன்னர் அது பாறையும் சதுப்புமாய்க் கிடந்த இடம். 1853ஆம் ஆண்டில் அந்நிலத்தைப் பொதுத்தேவைக்குப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இயற்றப்பட்டது. 1857இல் பூங்காவின் அமைப்புக்கென ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. வந்து சேர்ந்த முப்பத்துமூன்று திட்டங்களுள், பிரெடெரிக் லோ ஓம்ஸ்ரெட், கல்வேர்ட் வோக்ஸ் என்னும் இருவர் சேர்ந்து வரைந்த திட்டம் 1858இல் தெரிவுசெய்யப்பட்டது. பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன, சதுப்புகள் வடிக்கப்பட்டன, வேற்றிடங்களிலிருந்து வளமண் கொணர்ந்து பரப்பப்பட்டது. 1876ஆம் ஆண்டளவிலேயே வேலை முழுமை பெற்றது.

இவ்வளவு உழைப்பும் எதற்காக? செல்வர்கள் கோடைக்காலத்தில் மலைகளையும் கடற்கரைகளையும் நாடிச் செல்வர். நெருக்கமான வீடுகளில் வாழ்ந்து, பட்டறைகளிலும் கடைகளிலும் நாள் முழுதும் உழைக்கும் மக்களுக்கு அந்த வாய்ப்பில்லை. மலையை நாடிச் செல்ல முடியாதவனுக்கு மலையின் அமைதியிற் சிறு பங்கையேனும் நகரின் நடுவே கொணர்ந்து வைத்தல் வேண்டும் என்பதே ஓம்ஸ்ரெட்டின் எண்ணம். இது கருதத்தக்கது. வேலை முடிந்து ஒரு மணிப்பொழுது ஓய்வு பெற்றவனும் அவர்தம் எண்ணத்தில் இருந்தான். ஆதலின் அப்பூங்காவிற் சிறு உலாச் செல்பவர் குறைப்பட வேண்டியதில்லை. அவரும் அதனை அமைத்தோர் எதிர்பார்த்த விருந்தினரே.

அவ்விருவரின் நுண்ணறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். நகரின் கிழக்கும் மேற்கும் தொடர்புகொள்ளப் பூங்காவை ஊடறுத்து நான்கு வீதிகள் செல்ல வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. வண்டிகள் குறுக்கே ஓடினால் அமைதி ஏது? ஆகவே அவ்வீதிகளை நிலமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் அமைத்து, மேலே பாலங்களும் மரஞ்செடிகளும் வைத்து மறைத்தனர். நடந்து செல்பவர் தம் காலடியிற் பெருவீதி ஒன்று ஓடுவதை அறியாமலே அதனைக் கடந்துவிடுவார். குதிரைவண்டிக்கென ஆக்கிய சாலைகளிற் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் புகுந்தன. 2018ஆம் ஆண்டில் அவையும் அச்சாலைகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டன. பள்ளத்தில் ஓடும் குறுக்கு வீதிகளில் மட்டுமே இன்று மோட்டார் வண்டிகள் செல்கின்றன. எனினும் சாலைகளைக் கடக்கும்போது விரைந்துவரும் துவிச்சக்கரவண்டிகளைக் கவனித்தல் நன்று.

இனி, திட்டமிடும் முறையைக் காண்போம். முதலாவது, நேரக் கணக்கு. மன்ஹாட்டனில் வடக்குத் தெற்காக இருபது வீதிகளைக் கடந்தால் ஏறத்தாழ ஒரு மைல். பூங்காவின் பாதைகள் வளைந்து செல்வதால், நேர்க்கோட்டில் ஒன்றேகால் மைல் வருவது நடையில் இரண்டு மைல் ஆகலாம். ஆறுதலாக நடப்பவருக்கு இதற்கு ஐம்பது நிமிடம் போதும். எஞ்சிய நாற்பது நிமிடமும் நிற்பதற்கும் இருப்பதற்கும் உரியது. கையிலுள்ள நேரம் முழுவதையும் நடையால் நிரப்புவோர் பூங்காவைக் கடந்து போவரேயன்றிக் காணமாட்டார்.

இரண்டாவது, புகுந்த வாயிலாலேயே வெளியேறுதல் வேண்டா. ஒரு வாயிலிற் புகுந்து வேறொரு வாயிலால் வெளியேறினால் அதே நேரத்தில் இருமடங்கு காட்சி கிடைக்கும்.

மூன்றாவது, எதனை விடுவது என்பது. இதுவே கடினமானது. வடபாதி முழுவதையும் விட்டுவிட வேண்டும். 106 ஏக்கர்ப் பரப்புடைய பெரிய நீர்த்தேக்கத்தையும், அதனைச் சூழ்ந்த ஒன்றரை மைலுக்கு மேற்பட்ட நடைபாதையையும் விட்டுவிட வேண்டும். விலங்குக் காட்சிச்சாலையையும் விட்டுவிட வேண்டும். விடவேண்டியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுதல் நலம். பூங்காவினுள் நின்று விடுவதா பார்ப்பதா எனத் தடுமாறினால், அத்தடுமாற்றமே நேரத்தை விழுங்கிவிடும்.

வழி தவறுவோமோ என்ற அச்சத்துக்கும் அங்கே ஒரு மருந்துண்டு. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நான்கு இலக்கங்கள் கொண்ட சிறிய தகடு பொருத்தப்பட்டிருக்கும். பூங்காவின் தென்பாதியில் முதலிரண்டு இலக்கங்களும் அண்மையிலுள்ள வீதியின் எண்ணைக் காட்டும். இறுதி இலக்கம் ஒற்றையாயின் அது மேற்குப் பக்கம். இரட்டையாயின் கிழக்குப் பக்கம். எண் 7413 என்றிருந்தால், 74ஆம் வீதிக்கு நேராக, மேற்குப் பாதியில் நிற்கின்றோம் என்று தெளியலாம். இச்சிறு கணக்கை அறிந்தவர் அடர்ந்த மரங்களிடையேயும் யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை.

எஞ்சியது ஒரு வினா: எங்கே தொடங்குவது? தெற்கிற் தொடங்குவதே வழக்கம். தெற்கிலிருந்து நடந்தால் ஒன்றின்பின் ஒன்றாக அழகிய இடங்கள் எதிர்ப்படும் என்பதும் உண்மையே. எனினும் அவ்வாறு செல்பவர் 72ஆம் வீதிக்கு அண்மையிலேயே களைத்துத் திரும்பிவிடுவர். அதற்கு வடக்கே, மேற்கோரத்தில், 82ஆம் வீதிக்கும் 89ஆம் வீதிக்கும் இடைப்பட்ட நிலத்தை அவர் காண்பதில்லை. அங்கே காண்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் மெய்யே. ஆயினும் உலாவை அங்கேதான் தொடங்குதல் வேண்டும்.

அந்நிலத்தில் ஒரு காலத்தில் ஓர் ஊர் இருந்தது. செனக்கா கிராமம் என்பது அதன் பெயர். நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1825இல், அன்ட்று வில்லியம்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் அங்கே மூன்று துண்டு நிலங்களை 125 டொலருக்கு வாங்கினார். அவர் சப்பாத்துத் துடைத்துப் பிழைத்தவர். அவரைப் பின்பற்றிப் பிறரும் வாங்கினர். வீடுகள் எழுந்தன, தோட்டங்கள் அமைந்தன, மூன்று தேவாலயங்களும் ஒரு பாடசாலையும் தோன்றின. 1855இல் ஏறத்தாழ 225 பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பின மக்கள். எஞ்சியோர் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள்.

நிலம் அம்மக்களுக்கு வீடு மட்டுமன்று. கறுப்பின ஆடவர் ஒருவர் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டொலர் பெறுமதியான நிலவுடைமை பெற்றிருத்தல் வேண்டும் என்று அம்மாநிலத்தில் 1821 தொடக்கம் விதி இருந்தது. ஆகவே காணியை இழந்தவர் குடியுரிமையின் முதன்மையான பயனையும் சேர்த்தே இழந்தார்.

பூங்காவுக்கென நிலம் வேண்டப்பட்டபோது, அங்கிருந்தோரை நாடோடிகள் என்றும் குடிசைவாசிகள் என்றும் அக்காலத்துப் பத்திரிகைகள் இழித்தெழுதின. உடைமையாளருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அது போதாதெனச் சிலர் முறையிட்டனர். 1857இல் ஊர் முற்றாக அகற்றப்பட்டது. பூங்காவின் எல்லைக்குள் வாழ்ந்து, அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் தொகை ஏறத்தாழ 1,600. ஓம்ஸ்ரெட்டும் வோக்ஸும் தம் திட்டத்தைப் பரிசுக்கு அனுப்புமுன்னரே இது நிகழ்ந்துவிட்டது. உழைத்துக் களைத்தோருக்கு ஓய்விடம் அமைக்க விரும்பிய நகரம், உழைத்து வாழ்ந்த ஓர் ஊரைக் கலைத்துத்தான் அதனை அமைத்தது. நூறாண்டுக்கு மேலாக அவ்வூரின் பெயரையே பலரும் மறந்திருந்தனர். 2011இல் தொல்பொருளாய்வாளர் அங்கு அகழ்ந்தபோது ஒரு வீட்டின் கல் அத்திவாரமும், இரும்புக் கேத்தல் ஒன்றும், ஒரு குழந்தையின் தோற் சப்பாத்தும் வெளிப்பட்டன. 2019 தொடக்கம் அவ்விடத்தில் விளக்கப் பலகைகள் நிற்கின்றன.

ஆகவே உலாச் செல்பவர் மேற்குப் பக்கத்தில், 85ஆம் வீதிக்கு நேரேயுள்ள வாயிலாற் புகுவாராக. மாலுமிகளின் வாயில் என்பது அதன் பெயர். நிலக்கீழ்ப் புகையிரதத்தின் 86ஆம் வீதி நிலையம் அதற்கு மிக அண்மையில் உள்ளது. உள்ளே புகுந்தால் புற்சரிவும், ஆங்காங்கே பாறைகளும், மரநிழலுமே தெரியும். அப்பலகைகளுள் இரண்டு மூன்றையேனும் நின்று வாசித்தல் வேண்டும். தேவாலயம் நின்ற இடத்தைக் கண்ணால் அளந்து பார்த்தல் வேண்டும். பத்து நிமிடம் போதும். அதற்குத் தெற்கே, 83ஆம் வீதிக்கு நேராக, ஒரு பாறைமேடு உயர்ந்து நிற்கும். பூங்காவின் இயற்கையான நிலங்களுள் உயரமானது அதுவே. முழங்கால் நோவில்லாதவர் ஏறிப் பார்க்கலாம்.

அங்கிருந்து தெற்கு நோக்கிச் சென்றால், 79ஆம் வீதியின் பள்ளச் சாலையை அறியாமலே கடந்து ஏரியின் வடமேற்கு முனையை அடையலாம். அங்கே ஒரு மரப்பாலம் உண்டு. அதனைக் கடந்தவுடன் ராம்பிள் எனப்படும் சோலை தொடங்குகின்றது. முப்பத்தாறு ஏக்கருக்குக் குறையாத அச்சோலையிற் பாதைகள் வேண்டுமென்றே வளைத்தும் பிரித்தும் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு நீரோடை பாறைகளிடையே சலசலத்து ஓடும். அதுவும் குழாய் வழியே வரும் நீரே என்று அறியும்போது வியப்பு உண்டாகும். இருநூறுக்கு மேற்பட்ட பறவையினங்கள் அங்கே காணப்பட்டுள்ளன. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலசை செல்லும் பறவைகள், கட்டடங்களுக்கு நடுவே இப்பசுமையைக் கண்டு இறங்கி இளைப்பாறுகின்றன. களைத்து வரும் உயிருக்கு ஓய்விடம் என்ற நோக்கம் பறவைகளின் அளவிலும் நிறைவேறியுள்ளது.

விளக்குக் கம்பத்தின் இலக்கங்கள் இங்கேதான் பெரிதும் உதவும். முதலிரண்டு இலக்கங்களும் குறைந்துகொண்டே வருமாறு நடந்தால், 74ஆம் வீதியளவில் வில்லைப்போல் வளைந்த இரும்புப் பாலம் ஒன்று தோன்றும். 1862ஆம் ஆண்டளவிற் கட்டிமுடிக்கப்பட்ட அது, ஏரியின் ஒடுங்கிய இடத்தை 60 அடி நீளத்துக்குத் தாண்டி நிற்கின்றது. அதன் நடுவே ஐந்து நிமிடம் நிற்றல் வேண்டும். முதியோருக்கும், ஏற்றவிறக்கம் ஒவ்வாதோருக்கும் சோலைப் பாதை சற்றுக் கடினமாகலாம். அவர்கள் மரப்பாலத்தைக் கடக்காது, ஏரியின் மேற்கோரமாகவே தெற்கே வந்து, 72ஆம் வீதிக்கு நேரான சாலை வழியாக அடுத்த இடத்தை அடையலாம். அவர்கள் இழப்பது சிறிதே.

அடுத்த இடம் பெதெஸ்டா மேடை. ஏரிக்கரையிற் கல் பாவிய முற்றம். அதன் நடுவே ஒரு நீரூற்று. ஊற்றின் மேலே சிறகு விரித்த தேவதை. எம்மா ஸ்ரெபின்ஸ் என்னும் பெண் சிற்பி ஆக்கிய அவ்வுருவம் 1873இல் திறந்துவைக்கப்பட்டது. தேவதையின் ஒரு கையில் அல்லிமலர்; மறு கை நீரை வாழ்த்துகின்றது. 1842ஆம் ஆண்டில் குரோட்டன் ஆற்றிலிருந்து நகருக்குத் தூய நீர் கொணரப்பட்டமையை அது நினைவூட்டுகின்றது. அதற்கு முன்னர் அழுக்கு நீரால் வாந்திபேதி பரவிப் பலர் மாண்ட நகரம் அது. ஆகவே அவ்வுருவம் வெறும் அணிகலமன்று, நன்றியின் அடையாளம்.

செனக்கா கிராமத்திற் தொடங்கியவருக்கு இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வரும். அக்குரோட்டன் நீரைத் தேக்கி வைத்த பழைய நீர்த்தேக்கம், செனக்கா கிராமத்தின் கிழக்கெல்லையை அடுத்தே இருந்தது. அது கட்டப்பட்டபோதும் யோர்க் ஹில் என்னும் மேட்டில் வாழ்ந்த கறுப்பின மக்கள் அகற்றப்பட்டனர். அவர்களுட் சிலர் செனக்கா கிராமத்திற்குச் சென்று குடியேறினர். இருபதாண்டுக்குள் அங்கிருந்தும் எழும்ப நேர்ந்தது. தூய நீரும் நல்லதே, பூங்காவும் நல்லதே. இரண்டு நன்மைகளுக்கும் விலை கொடுத்தோர் அவர்களே. தெற்கிலிருந்து வருபவர் தேவதையின் அழகைக் காண்பார். வடக்கிலிருந்து வருபவர் அதன் பொருளையும் காண்பார்.

மேடையின் கீழ் மண்டபத்தினூடே புகுந்து, அதன் விதானத்தில் பதித்த வண்ண ஓடுகளை நோக்கியவாறு படியேறினால், மோல் எனப்படும் நேரிய நடைவழி தொடங்கும். வளைவுகளையே விரும்பிய அவ்விருவரும் நேர்க்கோட்டுக்கு இடங்கொடுத்த இடம் இதுதான். கால் மைல் நீளத்துக்கு இருமருங்கும் அமெரிக்க எல்ம் மரங்கள் நின்று, மேலே கிளைகோத்து மண்டபம் அமைத்துள்ளன. ஒருவகை நோயினால் அந்நாட்டின் பல பாகங்களிலும் எல்ம் மரங்கள் அழிந்தொழிந்தன. இங்குள்ளவை இடையறாத பராமரிப்பினாற் பிழைத்து நிற்கின்றன. பூங்காவே 1970களிற் பெரிதும் சீர்கெட்டுக் கிடந்தது. 1980இல் நகரமக்கள் ஒரு காப்பு நிறுவனத்தை அமைத்துப் பொருளும் உழைப்பும் ஈந்து அதனை மீட்டனர்.

அந்நடைவழியில் ஷேக்ஸ்பியர், ஸ்கொட், பேர்ன்ஸ் முதலிய எழுத்தாளர்களின் சிலைகள் நெடுங்காலமாக உள்ளன. கதைகளிலும் கற்பனையிலும் வரும் பெண்ணுருவங்கள் பூங்காவில் இருந்தன. உண்மையில் வாழ்ந்த பெண் ஒருவருக்கேனும் 2020 வரை அங்கே சிலையில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், பெண்களின் உரிமைக்குப் போராடிய மூவரின் சிலைகள் ஒரே பீடத்தில் நிறுவப்பட்டன. அவர்களுள் ஒருவர் சோஜேர்னர் ட்றூத். நியூயோர்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, நாடெங்கும் நின்று பேசியவர். பெயர் மறைந்த ஓர் ஊரிலே தொடங்கிய உலா, பெயர் நிலைபெற்ற அம்மாதின் முன்னே வந்து சேர்கின்றது. அவ்விடத்தில் ஒரு வாங்கில் அமர்ந்து, எஞ்சிய நேரத்தைச் செலவிடலாம்.

பின்னர் தென்கிழக்காக இறங்கி, 60ஆம் வீதிக்கு நேரேயுள்ள அறிஞர் வாயிலால் ஐந்தாம் அவெனியூவை அடையலாம். மாலுமிகளின் வாயிலிற் புகுந்தவர் அறிஞரின் வாயிலால் வெளியேறுகின்றார். மீண்டும் வண்டிகளின் இரைச்சல். மீண்டும் மனிதரின் விரைவு. கடிகாரம் ஒன்றரை மணி நேரம் கழிந்ததைக் காட்டும். குளிர்காலமாயின் நாலரை மணியளவிலே கதிரவன் மறையும். ஆதலின் மூன்று மணிக்குமுன் தொடங்குதல் நன்று. கோடையிலோ காலை வேளையே இனிது.

பூங்காவின் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர் கண்டிருக்கமாட்டார். அதனால் அவருக்குக் குறையொன்றுமில்லை. இன்பமான ஓரிடத்தில் உலாவி மகிழ்ந்தார். அவ்வின்பத்துக்கு இடம் விட்டுச் சென்றோரையும் ஒரு கணம் நினைத்தார். நேரம் மிகுந்திருந்தும் இவ்விரண்டையும் செய்யாது திரும்புவோர் பலர். நேரம் குறைந்தவர் செய்துவிடலாம். அதற்கு வேண்டியது, புறப்படுமுன் எங்கே தொடங்குவது என்று சற்று எண்ணிப் பார்த்தலே.